ஜாப் எண்ணைப் பிடித்துக்கொண்டு லாக் எடுங்கள்

"விஎம் எழும்பவில்லை" என்று புகார் கொடுத்தால் ஆதரவுக் குழுவிலிருந்து முதலில் வரும் பதில் "லாக் அனுப்புங்கள்" என்பதுதான். உடனே நம் ஆட்கள் சர்வரில் ஏறி, கண்ணில் பட்ட மிகப் பெரிய கோப்பை அப்படியே இழுக்கத் தொடங்குகிறார்கள். குழுவுக்கு வேண்டியது அதிலிருக்கும் சில பத்து வரிகள். அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது, அங்கே எதையும் கெடுக்காமல் எப்படிக் கொண்டுவருவது என்பதைப் பேசுவோம்.

அப்பாச்சி கிளவுட்ஸ்டாக்கை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். விஎம் எனப்படும் மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கக் கிளவுட்.காம் என்ற நிறுவனம் வளர்த்த மென்பொருள் அது. 2011இல் சிட்ரிக்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது, 2012இல் மென்பொருளை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. இதில் மேனேஜ்மென்ட் சர்வர் எந்த விஎம்மையும் தானே ஓட்டுவதில்லை. எந்த ஹோஸ்டில் இடமிருக்கிறது, எந்த ஸ்டோரேஜில் டிஸ்க் போடுவது என்று முடிவெடுத்து உத்தரவு அனுப்பும், அவ்வளவுதான். வேலை நடப்பது ஹோஸ்டில். ஆகவே ஒரு கோளாறின் கதை இரண்டு இடத்தில் எழுதப்படுகிறது: முடிவு மேனேஜ்மென்ட் சர்வரின் லாகில், செயல் ஹோஸ்டின் லாகில். ஒன்றை மட்டும் எடுத்து அனுப்பினால் பாதிக் கதைதான் போய்ச் சேரும்.

மேனேஜ்மென்ட் சர்வரில் ரூட்டுக்குக் கீழே வார், அதற்குள் லாக், அதற்குள் கிளவுட்ஸ்டாக், அதற்குள் மேனேஜ்மென்ட் என்று இறங்கினால் "மேனேஜ்மென்ட்-சர்வர்.லாக்" இருக்கும். யார் எந்த ஏபிஐயை அழைத்தார்கள் என்பதைச் சொல்லும் "ஏபிஐலாக்" பக்கத்திலேயே தனியாக உண்டு. கேவிஎம் ஹோஸ்டில் அதே கிளவுட்ஸ்டாக் ஃபோல்டருக்குள் ஏஜென்ட் என்ற ஃபோல்டரில் "ஏஜென்ட்.லாக்" இருக்கும். லோட் பேலன்சருக்குப் பின்னால் இரண்டு மேனேஜ்மென்ட் சர்வர் வைத்திருந்தால் இரண்டிலும் பாருங்கள். ஒவ்வொன்றும் தன் லாகைத் தானே எழுதுகிறது, உங்கள் கோரிக்கை எதன் கையில் விழுந்தது என்பது வெளியிலிருந்து தெரியாது.

இனி முக்கியமான இடம். விஎம் உருவாக்கு என்று கேட்டால் கிளவுட்ஸ்டாக் வேலை முடியும்வரை காக்க வைப்பதில்லை. ஒரு ஜாப் எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு, பின்னணியில் வேலையைத் தொடர்கிறது. ரேஷன் கடை டோக்கன் மாதிரி. அதே நேரத்தில் இன்னும் பலருடைய ஜாப்களும் ஓடுவதால், லாகில் எல்லோருடைய வரிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மேலிருந்து கீழே படித்தால் தலை சுற்றும். ஆனால் அந்த வேலை சம்பந்தப்பட்ட வரிகளில் "ஜாப்" என்ற சொல்லும் ஒரு கோடும் எண்ணும் ஒட்டியிருக்கும். எண் தெரியாவிட்டால் முதலில் விஎம்மின் உள்பெயரைத் தேடுங்கள். "ஐ-2-34-விஎம்" என்ற வடிவத்தில் இருக்கும். நடுவிலுள்ள 2 கணக்கின் எண், 34 விஎம்மின் எண். அந்தப் பெயர் வரும் வரியில் ஜாப் எண் கிடைத்துவிடும். பிறகு அந்த எண்ணை வைத்து கிரெப் கட்டளையால் மறுபடி ஒரு தேடல். சிக்கல் பிரிந்து ஒற்றை நூலாகக் கைக்கு வரும். எக்செப்ஷன், ஃபெயில், அனேபிள் போன்ற சொற்களைத் தேடுவதும் பயன்படும். ஆனால் அது இரண்டாவது வழிதான், ஏனென்றால் நன்றாக ஓடும் சர்வரிலும் அந்தச் சொற்கள் நிறையவே வரும்.

நேரத்தைக் கவனியுங்கள். காலை 10:15க்கு நடந்தது என்று பயனர் சொல்வார். சர்வர் யுடிசியில் ஓடினால் லாகில் அது 04:45. ஹோஸ்ட் ஒரு நேரத்திலும் மேனேஜ்மென்ட் சர்வர் ஒரு நேரத்திலும் இருந்தால், இரண்டு கதைகளையும் பொருத்திப் பார்க்கவே முடியாது. லாகை அனுப்பும்போது எந்த நேர மண்டலம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், பெறுகிறவர் மனதார நன்றி சொல்வார்.

நேற்றைய சங்கதி என்றால் அது இன்றைய கோப்பில் இருக்காது. நாள் மாறியதும் பழைய லாக் தேதிப் பெயரோடு ஜிஇசட்டாகச் சுருக்கப்படும். அதை அங்கேயே விரிக்காதீர்கள். டீபக் அளவில் எழுதும் சர்வரில் ஒரு நாள் லாக் விரிந்தால் டிஸ்க் திணறும். இசட்கிரெப் சுருக்கத்துக்குள்ளேயே தேடிக் கொடுக்கும். இன்னும் நல்ல வழி, உங்கள் கணினியிலிருந்தே எஸ்எஸ்எச் வழியாக அந்த இசட்கிரெப்பை ஓட்டி, விடையை உங்கள் பக்கத்துக் கோப்பில் விழச் செய்வது. அந்த சர்வரில் ஒரு பைட்கூட எழுத வேண்டியதில்லை. நடுவில் ஜம்ப் சர்வர் இருந்தால் எஸ்எஸ்எச்சின் "ஜே" தெரிவு அதைத் தாண்டி நேரே கொண்டுசேர்க்கும். முழுக் கோப்புதான் வேண்டும் என்றால் ஆர்சிங்க் நல்லது. இணைப்பு அறுந்தாலும், பாதியை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

டிஸ்க் நிறைந்துவிட்டதென்று ஓடிக்கொண்டிருக்கும் லாகை அழிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். கிளவுட்ஸ்டாக்கின் ஜாவா ப்ராசஸ் அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருப்பதால் பெயர் மட்டும் மறையும், இடம் திரும்பாது. சாட்சியும் போயிற்று, டிஸ்க்கும் நிறைந்தபடியே. அப்படி நடந்துவிட்டால் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்த ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரை ப்ராக் ஃபோல்டரில் அதன் எண்ணுக்குக் கீழே, எஃப்டிக்குள், அழிந்த கோப்பு இன்னும் திறந்தே கிடக்கும். அங்கிருந்து வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து மீட்கலாம். சர்வர் தொங்கி நிற்கும்போதும் அவசரப்பட வேண்டாம், ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் ஜேஸ்டாக் ஓட்டி த்ரெட் நிலவரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். லாகில் இல்லாத தகவல் அதில் இருக்கும்.

பழைய கோப்புகளைக் கழிப்பதற்கும் வரம்பு உண்டு. இந்திய கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சர்வரில் இடமில்லையென்றால் தினமும் வேறொரு சேமிப்புக்கு அனுப்பிவிட்டுப் பிறகு நீக்குங்கள்.

கடைசியாக, வெளியாருக்கு அனுப்பும் முன் உங்கள் நகலைத் திறந்து கடவுச்சொல், ஏபிஐ கீ, சீக்ரெட் கீ, வாடிக்கையாளர் பெயர் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து மறையுங்கள். ஐபி முகவரிகளை மறைப்பதென்றால் ஒரே முகவரிக்கு எல்லா இடத்திலும் ஒரே மாற்றுப் பெயரைக் கொடுங்கள், இல்லாவிட்டால் எந்த ஹோஸ்ட் எதனுடன் பேசியது என்பதே படிப்பவருக்குப் புரியாமல் போகும். மறைக்காத மூலத்தைத் தனியே பூட்டி வையுங்கள், கேஸ் மூடும்வரை அது வேண்டியிருக்கும்.