பொங்கலுக்குப் பறவைக் கணக்கு... உங்கள் வயலிலிருந்தும் போகட்டும்!

மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிக் கட்டிவிட்டு, கால்மணி நேரம் வரப்பில் நின்றால் போதும்... கண்ணில் படுகிற, காதில் விழுகிற பறவைகளை இனவாரியாக எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் நாள்கள் நான்கிலும் நடந்துவரும் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ இதுதான். தொலைநோக்கி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பெயர் தெரியாத பறவையை விட்டுவிடலாம். ஊகித்து எழுதக் கூடாது. குறித்ததை ‘இ-பேர்டு’ செயலியில் பதிய வேண்டும். செல்போனை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அந்த வேலை நொடியில் முடிந்துவிடும்.

ஏரி, குளங்களுக்குப் போய் எண்ண ஆள்கள் உண்டு. மானாவாரி நிலத்துப் பறவைகளை விவசாயிகள்தான் எண்ண வேண்டும். பனங்காடையையே எடுத்துக்கொள்வோமே... மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது சாதாரணமாகத் தெரியும். பறந்தால் இறக்கையில் நீலம் பளிச்சிடும். வெட்டுக்கிளி, வண்டுகளைப் பிடித்துத் தின்கிற, சம்பளம் கேட்காத வேலையாள். பொதுமக்கள் பதிந்த இத்தகைய கணக்குகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை (2023), பனங்காடை வெகுவாகக் குறைந்துவிட்டது என்கிறது.

உங்கள் வயலில் பனங்காடை தென்படாவிட்டாலும் பட்டியலை அனுப்புங்கள். காக்கை, மைனா உட்பட அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினால்தான், எது வரவில்லை என்பதும் கணக்கில் சேரும்.