கவர் சாலையாகுது, மல்ச்சிங் ஷீட் என்ன ஆகும்?

கல்வராயன் மலை ஓடைகளில் மழைக்காலத்தில் தண்ணீர் மட்டும் இறங்குவதில்லை. மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் வந்துபோகிறவர்கள் போட்டுவிட்டுப் போகிற கவரும் பாட்டிலும் கூடவே இறங்குது. ஓடை போய்ச் சேரும் இடத்தில் யாரோ ஒரு உழவரின் வயல் இருக்கு. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. ஆனாலும் நொறுக்குத்தீனி உறை வருவது நிற்கலை.

பழைய இரும்புக்கடைக்காரர்கூட வாங்காத இந்த உறைகளுக்கு வழி சொன்னவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக வெட்டிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லிமேல் தோல்போல ஒட்டிக்கும். அதற்கு மேல் தார். ஜல்லிக்குள் தண்ணீர் இறங்காததால் சாலையில் பள்ளம் விழுவது குறையுது. ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் போகும். இதற்காக 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கருங்கல்லோடு பிளாஸ்டிக்கைச் சேர்த்து 'பிளாஸ்டோன்' என்ற தரைக்கல்லும் செய்தார். ஒரு கல்லுக்கு 300 கவரும் ஆறு பாட்டிலும் பிடிக்கும். பி.வி.சி. மட்டும் இதில் சேரக்கூடாது, சூட்டில் அமில வாயு விடும்.

அது தெருக்குப்பைக்கு. நம்ம வயல் குப்பைக்கு?

பழைய சொட்டுநீர்க் குழாயைப் பற்றிக் கவலையில்லை. ஒரே வகை பிளாஸ்டிக், தடிமனும் இருக்கு. உருக்கிக் குருணையாக்கினால் திரும்பக் குழாயாகும், விலையும் கிடைக்கும். மல்ச்சிங் ஷீட் அப்படியில்லை. 25, 30 மைக்ரான் தாள்தான். வெயிலில் நைந்து, பிடுங்கும்போது கிழிந்து, எடைக்கு மேல் மண்ணோடு வரும். கழுவுகிற கூலிக்குக் கட்டாது என்று வாங்குகிறவர் ஒதுக்கிடுவார். வரப்பில் போட்டுக் கொளுத்துவதும் உழவில் புதைப்பதும் அதனால்தான். ரசாயன உரம் போடாத நிலத்திலும் பிளாஸ்டிக் துணுக்கு சேருவது இப்படித்தான். இயற்கை விவசாயம்னு சொல்லிக்கிட்டு இதைக் கண்டுக்காம இருக்க முடியாது.

ஏற்கெனவே விரித்தவர்கள் ஷீட் நைவதற்கு முன்னே, மண் காய்ந்திருக்கும்போது சுருட்டி எடுங்க. உதறி, குழாயோடு கலக்காமல் தனியாகக் கட்டி வைங்க. சுத்தமாக இருந்தால்தான் வாங்க ஆள் வரும். அடுத்த போகத்துக்கு மூடாக்குப் போட மலைப்பக்கம் சாமைத் தாள் இருக்கு, சமவெளியில் கரும்புத் தோகை இருக்கு. தோகையைக் கொளுத்தாமல் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.