அம்மா இல்லாத கோழிகள்

தென்காசியைச் சுற்றி இலஞ்சி, மேலகரம், மத்தளம்பாறை என்று எந்தப் பக்கம் போனாலும், புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கொல்லையில் நாலு நாட்டுக்கோழி விட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து ஊர் திரும்பியவர்கள், ஓய்வுபெற்றவர்கள், சீசனுக்கு மட்டும் குற்றாலம் வந்துபோகிற தோட்டவீட்டுக்காரர்கள். கோழி வந்து ஒரு வாரம் ஆவதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் போய் நிற்பார்கள். காசு போட்டுக் கூடு செய்து வைத்திருக்கிறோம், ஏன் முருங்கைக் கிளையில் போய் அடைகிறது? பெட்டியில் வைக்கோல் பரப்பியிருக்க, வாழைக்கட்டைக்குப் பின்னால் ஏன் முட்டையிடுகிறது? புதிதாக வந்த வெடக்கோழியை மற்றதெல்லாம் ஏன் இப்படிக் கொத்துகிறது?

பதில், மேற்கே நிற்கிற மலையில் இருக்கிறது. குற்றால மலைக்காட்டில் வாழும் சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை தென்கிழக்காசியப் பக்கத்துச் சிவப்புக் காட்டுக்கோழிதான் என்றாலும், நம் கோழிகளின் மஞ்சள் கால் சாம்பல் காட்டுக்கோழி வழியில் வந்தது என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. கொல்லையில் நிற்பது பாதி காட்டுப் பறவை. இருட்டில் அதற்குக் கண் தெரியாது. பொழுது சாயும்போதே உயரமான கிளை தேடும். கூடு தரைமட்டத்தில் இருந்தால் அதற்கு அது கூடே அல்ல. உள்ளே குறுக்காக ஒரு கம்பு கட்டி, நாலைந்து நாள் வெளியே விடாமல் அடைத்துப் பழக்கினால், பிறகு தானாகவே வந்து அடையும்.

முட்டையிடும் இடமும் அப்படித்தான். இடப்போகிற கோழி காலையிலிருந்தே கேறும், நிலைகொள்ளாமல் சுற்றும், மூலை மூலையாக நுழைந்து பார்க்கும். அது தேடுவது மறைவு. எடுக்கும்போதெல்லாம் ஒரு முட்டையைக் கூட்டிலேயே விட்டுவைத்தால் மறுபடி அங்கேயே வரும்; மொத்தமாக வழித்து எடுத்தால் அடுத்த முட்டைக்கு நீங்கள் படப்பு படப்பாகத் தேட வேண்டியதுதான்.

கொத்துச் சண்டையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கோழிகளுக்குள் யார் முதலில் தின்பது என்ற வரிசை உண்டென்று நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே 1921இலேயே எழுதிவைத்தார். வரிசை முடிவானால் சண்டை ஓயும். புதுக்கோழியைத் தனியாக விடாமல் இரண்டாகச் சேர்த்து, இருட்டிய பிறகு கூட்டில் ஏற்றுவது நம்மூர் வழக்கம். தீனிப் பாத்திரம் இரண்டு இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது.

இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு சிக்கல் சாரல். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். ஆலங்குளம் பக்கம் மண் பறக்கும்போதே குற்றாலத்துக் கொல்லை சொதசொதவென்று கிடக்கும். மண்ணில் புரண்டு குளிப்பது கோழிக்கு விளையாட்டல்ல. இறகின் எண்ணெய்ப்பிசுக்கும் பேனும் அப்படித்தான் போகும். ஈரமண்ணில் அது நடக்காது. தாழ்வாரத்தில் ஒரு பழைய டயருக்குள் காய்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் கொட்டி வைத்தால் போதும், அன்றைக்கே இறங்கிப் புரளும். கழிச்சல் நோய், அதற்கான தடுப்பு மருந்து விஷயத்துக்குள் இங்கே போகவில்லை.

எனக்குள்ள கவலை வேறு. புதிதாக வளர்க்கிறவர்கள் வாங்குவது பெரும்பாலும் பொரிப்பானில் பொரித்த குஞ்சு. தாயைப் பார்த்ததே இல்லாத குஞ்சு.

முட்டையை விட்டு வெளியே வருமுன் குஞ்சு மிச்ச மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதை வைத்து இரண்டு மூன்று நாள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் தாங்கும். பிந்திப் பொரிக்கிற முட்டைகளுக்காகத் தாய் எழுந்திருக்காமல் காத்திருக்கலாம் என்று இயற்கை கொடுத்த தவணை அது. அந்தத் தவணையை இன்று வியாபாரம் எடுத்துக்கொண்டது. ஒருநாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் அடைத்து ஊர்விட்டு ஊர் அனுப்ப முடிவது அதனால்தான்.

தாய் என்னவெல்லாம் செய்கிறது என்று ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கரையான் கிடைத்தால் தான் தின்னாமல் கொத்திக் கீழே போட்டு, மறுபடி கொத்தி, குரல்கொடுத்துக் கூப்பிடும். பிரிட்டனில் நிக்கோல், போப் என்ற இருவர் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ருசிகெட்ட தீனியின் நிறத்தைத் தாய்க்கோழிக்கு முதலில் பழக்கினார்கள். பிறகு குஞ்சுகள் அதே நிறத் தீனியைத் தின்பதைத் தாய் பார்க்கும்படி செய்தார்கள். தாய் வழக்கத்தைவிட அதிகமாகக் கொத்தியும் சீய்த்தும் காட்டியது. பருந்து வட்டமிட்டால் ஒரு குரல், கீரியோ நாயோ தரையில் வந்தால் வேறு குரல். குஞ்சுக்குப் பயம் ஓரளவு பிறவியிலேயே உண்டு. ஆனால் ஓடி ஒளிய ஓர் இறக்கை வேண்டுமே! பொரிப்பான் குஞ்சை நேரே கொல்லையில் இறக்கிவிட்டு, பத்தில் ஏழைக் காணோம் என்று புலம்புவதில் என்ன இருக்கிறது?

பொரிப்பான் இல்லாவிட்டால் செங்கோட்டை அருகே உள்ள பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளின் ஒரு நாள் தேவைக்குக்கூட நாட்டுக்கோழி கிடைக்காது என்று பண்ணை வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம்.

குஞ்சுகள் காணாமல் போவதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று உண்டு. கிரிராஜா, வனராஜா போன்ற மேம்படுத்திய இனங்கள் ஆண்டுக்கு நூறு முட்டையைத் தாண்டும். நம்மூர் நாட்டுக்கோழியான சிறுவிடை அறுபது எண்பதோடு நின்றுவிடும். காரணம், சிறுவிடை அடை உட்காரும். 21 நாள் முட்டைமேல், பிறகு கிட்டத்தட்ட இரண்டு மாதம் குஞ்சுகளோடு. அத்தனை நாளும் முட்டை கிடையாது. முட்டையை மட்டும் எண்ணித் தேர்ந்தெடுத்தால் முதலில் கழிவது அடைகாக்கும் குணம்தான். கலப்பு முற்றினால் பஞ்சாரம் இருக்கும், அதற்குள் உட்காரக் கோழி இருக்காது. அடைக்கூடையில் கரித்துண்டும் இரும்பாணியும் போட்டு, ஐப்பசி இடிக்கு முட்டை கூழாகாமல் காப்பதாக நம்பிய பாட்டிமார்களின் பக்குவமும் அதோடு போகும். ஆணியால் பயன் உண்டா என்பது வேறு விஷயம். தண்ணீரில் போட்டு முட்டை பார்ப்பது, எந்தக் கோழி நிலைத்து உட்காரும் என்று குணம் அறிவது எல்லாம் அவர்கள் கையில்தான் இருந்தது.

முதன்முதலாக வாங்குகிறவர்கள் பத்துக் குஞ்சுக்குப் பதில், குஞ்சும் தாயுமாக ஒரே ஒரு கோழி கேட்டுப் பார்க்கலாம். விலை கூடத்தான் சொல்வார்கள். ஏற்கெனவே பொரிப்பான் குஞ்சு வாங்கியாகிவிட்டதென்றால், அடையில் இரண்டு மூன்று வாரமாக இருக்கிற கோழி அக்கம்பக்கத்தில் உண்டா என்று விசாரியுங்கள். இருட்டிய பிறகு விளக்குப் போடாமல், முட்டையை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குஞ்சை ஒவ்வொன்றாக வயிற்றுக்கடியில் தள்ளிவிட வேண்டும். பொரித்து ஓரிரண்டு நாளுக்குள் இதைச் செய்தாக வேண்டும். அதைத் தாண்டிய குஞ்சைத் தாய் கொத்தி விரட்டிவிடலாம்.