சித்திரப் பாடமும் செயற்கை நுண்ணறிவும்

இக்கல்லூரியின் பழைய மாணவியாகிய நான், கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்விப் பயிற்சியை முடித்துவிட்டு, இப்போது கிழக்குக் கரையோரப் பாடசாலையொன்றில் தரம் 3 இன் வகுப்பாசிரியையாக இருக்கின்றேன். வகுப்பில் 34 பிள்ளைகள். எங்கள் பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் ஆகியவற்றோடு சித்திரமும் வகுப்பாசிரியையின் பொறுப்புத்தான். எனக்கோ சித்திரம் கைவராது. இங்கு படித்த காலத்தில் நான் வரைந்த மயிலைப் பார்த்துக் கோழி என்று தோழியர் சிரித்ததுண்டு. அதனாலேயே சித்திரப் பாடக் குறிப்பு எழுதச் செயற்கை நுண்ணறிவின் துணையை நாடினேன். ஒரு வருட அனுபவத்தில் அது எங்கே கைகொடுத்தது, எங்கே என்னை வழிதவற வைத்தது என்பதை, நாளை ஆசிரியைகளாகப் போகும் தங்கைகளுக்காக எழுதுகின்றேன்.

முதலில் இந்தக் கருவிகள் எப்படி இயங்குகின்றன என்பதை அறிந்துகொள்வது நல்லது. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளியான பின்னரே இவை நம் கைப்பேசிகளுக்குள் பரவலாக வந்தன. இவற்றின் அடிப்படை, மிகப் பெருந்தொகையான எழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்ட மொழி மாதிரியாகும். இதுவரை எழுதப்பட்டவற்றுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே அது பதிலை அமைக்கின்றது. அது எந்த வகுப்பறைக்குள்ளும் நின்றதில்லை. எந்தப் பிள்ளையின் கையிலும் தூரிகையைக் கொடுத்ததில்லை. அதற்குப் பயிற்சியளித்த எழுத்துகளில் ஆங்கிலமே மிகுதி. எனவே நம் வகுப்பைப் பற்றி நாம் எதுவும் சொல்லாவிட்டால், அந்த எழுத்துகளில் அடிக்கடி வரும் வகுப்பறையையே அது நம்முடையது என்று வைத்துக்கொள்ளும்.

எனக்கு நடந்ததும் அதுதான். "தரம் 3க்கு ஒரு சித்திரப் பாடம் தயாரித்துத் தரவும்" என்று ஒரே வரியில் கேட்டேன். சில விநாடிகளில் அழகான பாடத் திட்டம் வந்தது. இலையுதிர் காலத்தில் உதிர்ந்த செந்நிற இலைகளைப் பிள்ளைகள் பொறுக்கி வரவேண்டுமாம். ஆளுக்கொரு வர்ணப் பெட்டியும் கத்தரிக்கோலும் வேண்டுமாம். எங்கள் ஊரில் இலையுதிர் காலம் என்று ஒன்றில்லை. வகுப்பில் இருப்பதோ ஆறு கத்தரிக்கோல்கள். தமிழும் சற்று அந்நியமாக இருந்தது. நாம் தரம் 3 என்பதை அது மூன்றாம் வகுப்பு என்றது. நாம் சித்திரம் என்பதை ஓவியம் என்றது.

இரண்டாம் முறை வேறு விதமாகக் கேட்டேன். "இலங்கையில் தரம் 3; எட்டு வயதுப் பிள்ளைகள் 34 பேர்; நேரம் 40 நிமிடம்; ஆறு கத்தரிக்கோல், பழைய பத்திரிகைகள், பசை, சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று வர்ணங்கள் மட்டுமே உண்டு; தண்ணீர்க் குழாய் வகுப்புக்கு வெளியே இருக்கின்றது; காசு செலவாகக் கூடாது; ஐந்து யோசனைகள் தரவும்" என்று எழுதினேன். இம்முறை வந்தவை வேறு. அச்சுப் பதித்தல் அவற்றில் ஒன்று. சமையலில் கழிக்கும் வெண்டிக்காயின் காம்புப் பகுதியை வர்ணத்தில் தோய்த்துப் பதித்தால் பூப்போன்ற வடிவம் கிடைக்கும். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டிப் பதித்தால் உள்ளே கட்டங்கட்டமாகப் பிறை வடிவம் விழும். முதலாவதைக் கருவி சொன்னது. இரண்டாவதை நான் சேர்த்தேன். மூன்று வர்ணங்களையும் இரண்டிரண்டாகக் கலந்து பச்சையையும் செம்மஞ்சளையும் ஊதாவையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். கேள்வியில் எவ்வளவு விவரம் இருக்கின்றதோ, பதிலும் அவ்வளவு பயன்படும். இதுவே நான் கற்ற முதற்பாடம்.

இரண்டாவது பாடம், எதையும் செய்து பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது. தாள் நெசவுக்கு ஒரு திட்டம் கேட்டேன். தாளை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கீலங்களாக வெட்டச் சொல்லியிருந்தது. முதல்நாள் இரவு வீட்டில் செய்து பார்த்தபோது எல்லாம் தனித்தனியாகக் கையோடு வந்துவிட்டன. ஓர் ஓரத்தில் ஓரங்குல அகலம் வெட்டாமல் விட்டால்தான் பாவு நிற்கும். அதன் பின்பே ஊடையை மேலும் கீழுமாகச் செலுத்தலாம். பிழையான குறிப்பையும் சரியான குறிப்பையும் கருவி ஒரே உறுதியான தொனியில்தான் சொல்லும். திருத்திய பாடத்தின் தொடக்கத்தில், மருதமுனைக் கைத்தறிச் சாறன் ஒன்றை விரித்து, கோடுகள் எங்கே ஒன்றையொன்று கடக்கின்றன என்று காட்டினேன். பிள்ளைகளுக்கு நெசவு உடனே விளங்கிவிட்டது.

மூன்றாவது பாடம்தான் என்னைச் சுட்டது. "எங்கள் கடற்கரை" என்ற தலைப்பில் வரையவேண்டிய நாள். நான் வரைந்தால் சிரிப்பார்கள் என்ற பயத்தில், படம் உருவாக்கும் கருவியொன்றைக் கொண்டு ஒரு கடற்கரைக் காட்சியை ஆக்கி, அச்சிட்டு, கரும்பலகையில் ஒட்டினேன். வெள்ளைப் பாய் விரித்த படகு, சாய்ந்த தென்னை, அஸ்தமிக்கும் சூரியன். மிக அழகாகத்தான் இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் அதையே பார்த்து வரையத் தொடங்கினார்கள். ஒரு சிறுமி மட்டும் வரைவதும் அழிப்பதுமாக இருந்தாள். அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிட்டது. அருகில் போய்க் கேட்டேன்.

"எங்கட வாப்பாட தோணி இப்பிடி இல்ல டீச்சர். அதுக்குப் பாயில்ல" என்றாள்.

அவளுடைய வாப்பா கரைவலை இழுப்பவர். அவள் தினமும் காணும் தோணியை, நான் ஒட்டிய படம் பிழையாக்கிவிட்டது. மற்றவர்களின் தாள்களைப் பார்த்தேன். 33 தாள்களிலும் ஒரே படகு. எங்கள் கரையில் அப்படியொரு படகை எவருமே கண்டதில்லை. அன்றிலிருந்து மாதிரிப் படம் ஒட்டுவதை நிறுத்திவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளை குறையில்லாத படமொன்றைக் கண்டால், தான் கண்டதை விட்டுவிட்டு அதைப் பின்பற்றும். அல்லது தன்னால் முடியாது என்று கையை மடக்கிக்கொள்ளும்.

அடுத்த வாரம் அதே தலைப்பையே மீண்டும் எடுத்தேன். இம்முறை கருவியிடம் படம் கேட்கவில்லை, கேள்விகள் கேட்டேன். "கடற்கரையை வரைவதற்கு முன், பிள்ளைகள் தாம் கண்டதை நினைவுபடுத்த என்ன கேட்கலாம்?" பத்துக் கேள்விகள் வந்தன. நான்கைத் தெரிந்தேன். காலையில் கரையில் முதலில் கேட்கும் சத்தம் என்ன? யார் எங்கே நிற்கிறார்கள்? கால் மணலில் எப்படிப் புதைகின்றது? வலை வந்ததும் யார் ஓடி வருகிறார்கள்? பத்து நிமிடம் பேசினோம், பின்னர் வரைந்தார்கள்.

அச்சிறுமியின் தாளில் தோணி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்டு கிடந்தது. கரைவலையின் இரண்டு கயிறுகளையும் இரு வரிசை ஆட்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிசை நேராக நின்றது. மற்ற வரிசை தலைகீழாக நின்றது. பயிற்சிக் காலத்தில் படித்திராவிட்டால் அதைப் பிழையென்று திருத்தியிருப்பேன். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் 1947இல் வெளியிட்ட நூலில், பிள்ளைகளின் சித்திர வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்துக் காட்டினார். ஏழு முதல் ஒன்பது வயது வரையான பருவத்தில் பிள்ளை தன் கண்ணுக்குத் தோன்றுவதை விடத் தான் அறிந்ததையே வரைகின்றது. நிலத்துக்கு ஒரு கோட்டை இட்டு, அக்கோட்டுக்குச் செங்குத்தாக ஆட்களை நிறுத்தும். கோடு இரண்டானால், ஒரு பக்கத்து ஆட்கள் நமக்குத் தலைகீழாகத் தெரிவார்கள். அது அந்த வயதின் ஒழுங்கு. கருவி தந்த மதிப்பீட்டுப் பட்டியலிலோ "உருவங்கள் சரியான விகிதத்தில் உள்ளனவா" என்பதே முதலாவதாக இருந்தது. அதை நீக்கிவிட்டு, "தான் கண்ட ஒன்றேனும் படத்தில் உள்ளதா" என்று எழுதினேன்.

இன்னும் இரண்டு விடயங்கள். பிள்ளைகளின் பெயர்களையோ புகைப்படங்களையோ இக்கருவிகளில் இடாதீர்கள். "எட்டு வயதுப் பிள்ளை" என்றாலே போதும். கருவியைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கவும் வேண்டாம். வகுப்பறையில் இவற்றைப் பயன்படுத்த 13 வயதைக் குறைந்தபட்ச எல்லையாகக் கொள்ளலாம் என்று யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. நம் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அதற்கும் மிகக் கீழே இருக்கிறார்கள். ஆசிரியை தன் மேசையில் திட்டமிடப் பயன்படுத்துவதோடு அது நிற்கட்டும்.

இப்போதும் வாரத்தில் ஓர் இரவு அக்கருவியோடு இருந்து பாடம் திட்டமிடுகின்றேன். முன்பு இரண்டு மணித்தியாலம் எடுத்த வேலை அரை மணித்தியாலத்தில் முடிகின்றது. மிஞ்சும் நேரத்தில் பிள்ளைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கின்றேன். தலைகீழாக நின்று கயிறு இழுக்கும் அந்த மனிதர்கள் எங்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தன்று வந்த அந்த வாப்பா, நெடுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இது எங்கட தோணிதான்" என்றார்.