கடலை இழந்த கண்டி இராச்சியம்

உலகில் எழும் எல்லைத் தகராறுகளுட் பெரியவையே யாவர்க்கும் தெரியவருகின்றன. தென் அமெரிக்காவிலுள்ள பொலிவியா, 1879-ஆம் ஆண்டு மூண்ட யுத்தத்தில் தன் கடற்கரை முழுவதையும் சில்லி நாட்டிடம் இழந்தது. அவ்வழக்குச் சர்வதேச நீதிமன்றம் வரை சென்று, சில்லி பேச்சுவார்த்தைக்குக் கட்டுப்பட்டதன்று என்ற தீர்ப்பை 2018-இற் கண்டது. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இத்தகைய வழக்கொன்று இலங்கைத் தீவில் நிகழ்ந்தது. கடலை இழந்த அந்த நாடு கண்டி இராச்சியம்.

மலைகளையும் மகாவலி கங்கையையும் அரணாகக் கொண்ட கண்டியை அந்நியப் படைகள் பலமுறை அணுகின; நிலையாகப் பிடித்துவைக்க இயலவில்லை. ஆனால் மலை காவலைத் தருமேயன்றி உப்பைத் தராது. உப்பும் கருவாடும் துணியும் கரையிலிருந்தே மேலே வரவேண்டும். பாக்கும் கறுவாவும் கரைக்கே இறங்கவேண்டும். போர்த்துக்கேயரை ஓட்டும்பொருட்டு இரண்டாம் இராசசிங்க மன்னன் 1638-இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். போர்த்துக்கேயர் 1658-இல் நீங்கினர். துறைமுகங்களோ ஒல்லாந்தர் கையிலேயே தங்கிவிட்டன. 1753-இல் சீயம் தேசத்திலிருந்து வந்த பௌத்த பிக்குகளும் ஒல்லாந்தக் கப்பலிலேயே திருகோணமலையில் வந்திறங்கினர். அரசனுடைய சமயப் பணிக்கும் பிறர் கப்பல் வேண்டியிருந்தது.

கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் இப்பகை யுத்தமாக முற்றியது. தென்னிந்திய நாயக்கர் வழிவந்த அம்மன்னனின் தலைநகரை ஒல்லாந்தர் 1765-இற் பிடித்தனர். அதனை நெடுநாள் வைத்திருக்க முடியவில்லை. ஆயினும் 1766-ஆம் ஆண்டு உடன்படிக்கை தீவைச் சுற்றியுள்ள கரை முழுவதையும் அவர்க்கு உரிமையாக்கிற்று. அதன் அகலம் ஒரு சிங்கள மைல். அதாவது ஏறத்தாழ நான்கு ஆங்கில மைல். உப்பளங்களில் உப்பெடுக்கும் அனுமதி மாத்திரம் கண்டி மக்களுக்கு எஞ்சியது. நிலத்தின் அளவு சிறிது. அதன் விளைவோ பெரிது. வெளியுலகுக்குச் செல்லும் வாயில்கள் யாவும் அந்த நான்கு மைலுக்குள் அடங்கிவிட்டன.

ஆங்கிலேயர் 1796-இல் ஒல்லாந்தரின் இடத்துக்கு வந்தனர். அவ்வாண்டு சென்னையில் வரையப்பட்ட உடன்படிக்கை, உப்பும் மீனும் பெறுதற்கெனக் கரையில் ஓரிடத்தையும் பத்துக் கப்பல்களுக்கான உரிமையையும் கண்டிக்கு வழங்க இசைந்தது. கண்டி அரசன் அதனை உறுதிப்படுத்தவில்லை. பின்னர்த் தேசாதிபதி நோர்த்து மற்றொரு கோரிக்கையை எழுப்பினார்: கொழும்பையும் திருகோணமலையையும் இணைக்கும் வழி கண்டி நாட்டினூடே வேண்டும் என்பது அது. கண்டி கடலுக்கு ஒரு வாயில் வேண்டிற்று. ஆங்கிலேயர் மலைக்குள் ஒரு வாயில் வேண்டினர். ஒருவர் கேட்டதை மற்றவர் கொடுக்க அஞ்சினர்.

புத்தளத்து வணிகரின் பாக்கினைக் கண்டியார் பறித்தனர் என்ற வழக்கே யுத்தத்துக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. 1803-இல் ஆங்கிலப் படை, மக்கள் வெளியேறிய கண்டி நகருட் புகுந்தது. முத்துசாமி என்பானை அரசனாக்கி, ஏழு கோறளையையும் வழிக்குரிய நிலத்தையும் அவனிடம் எழுதிவாங்கிற்று. காய்ச்சலும் பட்டினியும் படையை அரித்தன. சூன் 24-ஆந் தேதி மேஜர் டேவி சரணடைந்தார். திருகோணமலை நோக்கிப் புறப்பட்ட படை, பெருகியோடிய மகாவலியைக் கடக்க வகையின்றி வத்தபுளுவைக் கரையில் நின்றது. முத்துசாமி கண்டியாரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். படையினருள் மிகப் பலர் அவ்வாற்றங்கரையிலேயே மாண்டனர்.

1815-இல் முடிவு வந்தது. அரசன் சிறீ விக்கிரம இராசசிங்கனோடு பகைத்த பிரதானிகள் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தனர். பெப்ரவரியில் அரசன் சிறைப்பட்டான். மார்ச்சு 2-ஆந் தேதி கண்டி அரண்மனைச் சபாமண்டபத்தில் இராச்சியம் கைமாறிற்று. வேலூருக்கு அனுப்பப்பட்ட அரசன் 1832-இல் அங்கே இறந்தான்.

அதன்பின் தேசாதிபதி பார்ன்சு காலத்திற் கடுகண்ணாவை மலையைக் குடைந்து கொழும்பு வீதி கண்டியை எட்டியது. அதற்கு மக்களின் கட்டாய ஊழியம் பயன்பட்டது. கண்டிக்குக் கடல்வழி திறந்தது. அவ்வழியை வேண்டி நின்ற இராச்சியமோ அப்போது இல்லை. கரையை வைத்திருப்போன் உள்நாட்டின் உப்பையும் வணிகத்தையும் வைத்திருக்கிறான். உள்நாட்டை வைத்திருப்போன் வழியை வைத்திருக்கிறான். இவ்விரண்டையும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு காணப்படாமையே கண்டியின் துயரம்.