தனியாளின் வரிக்கணக்கு: எவ்வளவு திரும்பி வரும்?



யூலை மாதம் பிறந்ததும் அவுஸ்திரேலியாவில் எங்கள் ஆட்கள் கூடும் இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "உமக்கு எவ்வளவு ரிஃபண்ட் வந்தது?" பக்கத்து வீட்டாருக்கு இரண்டாயிரம் வந்தால் எங்களுக்கும் வரும் என்று நம்பி, வராத காசுக்குச் செலவுக் கணக்குப் போட்டுவிடுகிறோம். ஊருக்கு அனுப்பவும் வாக்குக் கொடுத்துவிடுகிறோம்.

ரிஃபண்ட் அரசாங்கம் தரும் அன்பளிப்பு அல்ல. வருடம் முழுவதும் உங்கள் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்துவைத்த உங்கள் சொந்தக் காசு. பிடித்த வரியிலிருந்து உண்மையில் கட்டவேண்டிய வரியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அது. இந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம்.

தொழிற்சாலையில் வேலைசெய்யும் தனியாள் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வரிச் சட்டப்படி இங்கு வதிபவர். 2025-26 நிதியாண்டில் அவருடைய சம்பளம் 52,000 டொலர். பாதுகாப்புச் சப்பாத்து, கையுறை, தொழிற்சங்கச் சந்தா ஆகியவற்றுக்குத் தன் கைக்காசில் 600 டொலர் செலவழித்திருக்கிறார், பற்றுச்சீட்டுகளும் உண்டு. ஆகவே வரிக்குரிய வருமானம் 51,400 டொலர்.

முதல் 18,200 டொலருக்கு வரி இல்லை. அதற்கு மேல் 45,000 வரை 16 வீதம்: 4,288 டொலர். மிகுதி 6,400 டொலருக்கு 30 வீதம்: 1,920 டொலர். கூட்டினால் 6,208. குறைந்த வருமானக்காரருக்கான வரிக்கழிவு இவருக்கு 229 டொலர்; அதைக் கழித்தால் 5,979. மெடிக்கெயார் வரி 2 வீதம், அதாவது 1,028 டொலர். மொத்தம் 7,007 டொலர்.

வேலையிடத்தில் 7,430 டொலர் பிடித்திருந்தால் திரும்பி வருவது 423 டொலர். அவ்வளவுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 600 டொலர் செலவு காட்டியதால் இவருக்குக் குறைந்த வரி 201 டொலர் மட்டுமே. "செலவைக் காட்டினால் முழுக்காசும் திரும்பி வரும்" என்பது தவறான பேச்சு. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் செலவையும், ஊரிலுள்ள பெற்றாருக்கு அனுப்பும் காசையும் கழிக்க முடியாது. வேலைச் செலவுகள் 300 டொலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் ஆதாரம் வேண்டும்.

அடுத்தது, எங்கள் மக்களில் பலர் அறியாத விடயம். இடைக்கால விசாவில் இருந்தபோது உங்களுக்கு மெடிக்கெயார் உரிமை இல்லாதிருந்தால், அந்தக் காலத்துக்கான மெடிக்கெயார் வரியிலிருந்து விலக்குக் கேட்கலாம். அதற்கு முதலில் சேர்விசஸ் அவுஸ்திரேலியாவிடம் விண்ணப்பித்து, உரிமை இல்லை என்ற கூற்றுப் பத்திரத்தைப் பெறவேண்டும். நாம் பார்த்த தொழிலாளிக்கு வருடம் முழுவதும் உரிமை இல்லாதிருந்தால், அந்த 1,028 டொலரும் சேர்ந்து 1,451 டொலர் திரும்பி வரும்.

எதிர்மாறாகவும் நடக்கும். இரண்டு இடங்களில் வேலைசெய்பவர்கள் கவனிக்கவும். வேலையில் சேரும்போது நிரப்பும் படிவத்தில், வரியில்லா 18,200 டொலர் சலுகையை ஓரிடத்தில் மட்டுமே கேட்கவேண்டும். ஒரு வேலையில் 30,000, மற்றதில் 22,000 உழைப்பவர் இரண்டிலும் கேட்டுவிட்டால், பிடிக்கப்படும் வரி ஏறத்தாழ 2,700 டொலர்தான். கட்டவேண்டியதோ செலவுக் கழிவு இல்லாமல் 7,208 டொலர். ரிஃபண்டை எதிர்பார்த்திருப்பவருக்கு 4,500 டொலர் கட்டும்படி கடிதம் வரும். தனியாக வாடகை கட்டி வாழ்பவருக்கு அது பேரிடி. இப்போதே உங்கள் சம்பளச் சிட்டைகளைப் பாருங்கள். பிழை இருந்தால் இரண்டாவது வேலையிடத்தில் சொல்லித் திருத்துங்கள்.

வரித் திணைக்களத்துக்கோ சென்ரலிங்குக்கோ பழைய கடன் இருந்தால், ரிஃபண்டிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளவும் கூடும்.

பத்திரங்களைப் பார்க்காமலே "பெரிய தொகை எடுத்துத் தருகிறேன்" என்று சொல்பவரிடம் கையொப்பம் வைக்காதீர்கள். பொய்ச் செலவு காட்டினால் பொறுப்பு உங்களுடையது. காசைத் திருப்பிக் கட்டுவதோடு தண்டமும் வரலாம். முகவர் பதிவுபெற்றவரா என்று அரசாங்கப் பதிவேட்டில் பாருங்கள். குறைந்த வருமானமும் சிக்கலில்லாத கணக்கும் உள்ளவர்களுக்கு வரித் திணைக்களத்தின் பயிற்சிபெற்ற தொண்டர்கள் இலவசமாக உதவுகிறார்கள். தமிழில் கதைக்க 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, வரித் திணைக்களத்துடன் இணைக்கச் சொல்லுங்கள்.

நீங்களே படிவம் அனுப்புவதானால் கடைசி நாள் ஒக்டோபர் 31. முகவர் மூலம் செய்வதானாலும் அந்தத் திகதிக்கு முன் அவரிடம் பதிந்துவிடுங்கள். ஊருக்கு வாக்குக் கொடுக்குமுன் தாளும் பேனையும் எடுத்து ஒருமுறை கணக்குப் பாருங்கள்.