பாசி தந்த ஒளிச்சாவி

நன்னீரில் வாழும் கிளமிடோமோனாஸ் என்னும் ஒற்றைச் செல் பாசி, வெளிச்சத்தின் திசையறிந்து நீந்துகிறது. அதற்கு உதவும் ஒரு புரதம், நீல ஒளி பட்டதும் செல்லின் சவ்வில் வாயில்போலத் திறந்து அயனிகளை உள்ளே விடுகிறது. அந்தப் புரதத்தின் மரபணுவை நரம்புச் செல்லில் ஏற்றினால், ஒளியைக் காட்டியே அதைத் தூண்டலாம் என்று 2005இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கார்ல் டைசராத், எட்வர்ட் பாய்டன் குழுவினர் நிறுவினர். மின்முனையால் தூண்டினால் சுற்றியுள்ள பலவகைச் செல்களும் சேர்ந்தே கிளர்ந்தெழும். ஒளியோ மரபணு ஏற்றிய செல்களை மட்டும் இயக்குகிறது. அதனால், ஒரு செயலின்போது எந்தச் செல்கள் விழித்திருந்தன என்று பார்ப்பதோடு நில்லாமல், அவைதாம் அதற்குக் காரணமா என்றே சோதிக்க முடிகிறது. மூளை ஆய்வில் இது பெரும் பாய்ச்சல்.

மூளைக்குள் ஒளியைச் செலுத்த மண்டையைத் துளைத்து ஒளியிழை செருகுவது மனிதருக்கு ஆகுமா என்று கேட்பது நியாயமே. மூளையைப் பொறுத்தவரை அந்தத் தயக்கம் இன்றும் பொருந்தும். ஆனால் கண்ணுக்குள் ஒளி தானாகவே நுழைகிறதே! விழித்திரை நோயால் பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்த 58 வயதுக்காரர் ஒருவரின் ஒரு கண்ணில் இத்தகைய மரபணுவைச் செலுத்தினார்கள். முகங்களை அடையாளம் காணும் அளவுக்குப் பார்வை திரும்பவில்லை. என்றாலும், ஒளியை மாற்றித் தரும் சிறப்புக் கண்ணாடி அணிந்து, மேசைமேல் இருந்த நோட்டுப் புத்தகத்தைத் தேடித் தொட்டார், தம்ளர்களை எண்ணிச் சொன்னார். அந்த ஆய்வு 2021இல் வெளியானது.